நெல் தராசும் பில் பிரின்டரும் கணினியோடு கதைக்காதபோது

பெரும்போக அறுவடை தொடங்கி, படுவான்கரையிலிருந்தும் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்களிலிருந்தும் உழவு இயந்திரப் பெட்டிகளில் மூட்டை வந்து இறங்கும்போது மில்லில் ஒரு நிமிடம்கூடச் சும்மா போக முடியாது. அந்த நேரம் பார்த்துத் தராசின் எடை கணினிக்கு வராது, அல்லது பில் பிரின்டர் கிரேக்க எழுத்தாய்க் கொட்டும். மென்பொருள் செய்தவர் தராசைக் குறை சொல்வார். தராசு விற்றவர் கேபிளைக் குறை சொல்வார். கேபிளில் உண்மையில் என்ன எண்கள் ஓடுகின்றன என்று பார்த்துவிட்டால் இந்த வாக்குவாதம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

தராசும் பிரின்டரும் கணினியோடு கதைப்பது 0 முதல் 255 வரையான எண்களால். ஒவ்வோர் எண்ணும் ஒரு பைட்; அது பிட் எனப்படும் எட்டு 0, 1களால் ஆனது. பிரின்டருக்கு 27, 64 என்று இரண்டு பைட் போனால் 'எல்லாவற்றையும் மறந்து புதிதாகத் தொடங்கு' என்று பொருள். தராசுக்கு 81, 13, 10 என்று போனால், அந்தக் கட்டளையை ஏற்கும் வகையாக இருந்தால், 'இப்போதைய எடையைச் சொல்' என்று பொருள். கையேடுகளில் இவை பதினாறடி (0-9, A-F) எண்களாக இருக்கும். கீழே எல்லாம் சாதாரண பத்தடி எண்ணில் தரப்பட்டுள்ளன. விண்டோஸ் கால்குலேட்டரை புரோகிராமர் நிலைக்கு மாற்றினால் ஒன்றை மற்றதாக மாற்றிக்கொள்ளலாம்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீற்றர், ஒரு யூஎஸ்பி-சீரியல் மாற்றி (தராசின் 9 ஊசிச் சீரியல் கேபிளைக் கணினியின் யூஎஸ்பியில் செருக உதவுவது), 5 சென்ரிமீற்றர் மெல்லிய வயர், கணினியில் ரியல்டெர்ம் என்ற இலவச மென்பொருள். புட்டி, டெராடெர்ம் ஆகியவற்றிலும் வேலை ஆகும். ஆனால் வரும் ஒவ்வொரு பைட்டையும் எண்ணாகவே காட்டும் வசதி ரியல்டெர்மில் இருப்பதால் இந்த வேலைக்கு அதுவே நல்லது. திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, காட்சி முறையை எழுத்திலிருந்து எண்ணுக்கு மாற்றுவது. எழுத்தாகப் பார்த்தால் பாதி பைட்டுகள் கண்ணுக்கே தெரியாது.

தராசில் எடை தெரிகிறது, கணினியில் ஒன்றுமே இல்லை

முதலில் மில் மென்பொருளை மூடுங்கள். விண்டோஸில் ஒரு காம் போர்ட்டை (சீரியல் கேபிளுக்குக் கணினி தரும் வழி) ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் திறக்கலாம். இரண்டாவது திறக்கப் போனால் 'அனுமதி இல்லை' என்ற செய்தி வரும். அதைப் பார்த்துப் பயனர் அனுமதிகளைத் தோண்டுவது வீண் வேலை.

அடுத்தது, கணினிப் பக்கம் சரியா என்று பார்ப்பது. கேபிளைத் தராசிலிருந்து கழற்றி, மாற்றியின் 9 ஊசிப் பிளக்கில் 2ஆம் 3ஆம் ஊசிகளை வயரால் இணையுங்கள். ரியல்டெர்மில் ஏதாவது தட்டினால் அதே பைட் திரும்பி வர வேண்டும். வந்தால் மாற்றியும் டிரைவரும் காம் இலக்கமும் சரி. வராவிட்டால் தராசைத் தொடவே வேண்டாம்; குறை இந்தப் பக்கம். சாதன மேலாளரில் மஞ்சள் முக்கோணத்தோடு 'கோட் 10' என்று இருந்தால், பெரும்பாலும் அது பிஎல்2303 சிப்பின் பழைய பதிப்பு அல்லது போலி. புதிய டிரைவர் அதை ஏற்பதில்லை. எஃப்டிடிஐ அல்லது சிஎச்340 சிப் உள்ள மாற்றியை வாங்கிவிடுங்கள். டிரைவரோடு ஒரு நாள் மல்லுக்கட்டுவதைவிட அது மலிவு.

கணினிப் பக்கம் சரி என்றால் மல்டிமீற்றரை 20 வோல்ற் நேர்மின்னில் வைத்து, கறுப்பு முனையைத் தராசுப் பிளக்கின் 5ஆம் ஊசியில் பிடியுங்கள். சிவப்பு முனையை 2இலும் பிறகு 3இலும் வையுங்கள். எதில் −5 முதல் −12 வோல்ற் வரை காட்டுகிறதோ அதுவே தராசு பேசும் ஊசி. கணினி கேட்கும் ஊசி எப்போதும் 2. ஆகவே தராசில் 2ஆம் ஊசி எதிர்மறையாக இருந்தால் நேர்க் கேபிள் போதும். 3ஆம் ஊசி என்றால் 2உம் 3உம் குறுக்காக மாறிய கேபிள் வேண்டும். கடையில் இரண்டும் ஒரே தோற்றத்தில் தொங்கும். மீற்றரை ஒலி நிலையில் வைத்து ஊசிக்கு ஊசி தொட்டுப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டு ஊசியிலும் பூச்சியம் என்றால் ஒன்றில் தராசின் தொடர்புச் சிப் எரிந்துவிட்டது, அல்லது அந்தத் தராசில் சீரியல் வெளியீடு பொருத்தப்படவே இல்லை. +3.3 அல்லது +5 வோல்ற் என்றால் அது சீரியல் கேபிளின் வழக்கமான மின் முறையான ஆர்எஸ்-232 அல்ல, சிப்பிலிருந்து நேரே வரும் டிடிஎல் மட்டம். நடுவில் மேக்ஸ்3232 சிப் உள்ள மாற்றுப் பலகை இல்லாமல் கணினியோடு கொளுவக் கூடாது. கணினியின் −12 வோல்ற் அந்தச் சிப்பைக் கொன்றுவிடும்.

மின்னழுத்தம் சரி, கேபிளும் சரி, இன்னும் மௌனம் என்றால் தராசின் அனுப்பும் முறையைப் பாருங்கள். பெரும்பாலான இண்டிகேட்டரில் (தராசின் எடை காட்டும் பெட்டியில்) மூன்று முறை இருக்கும்: இடைவிடாமல் அனுப்புவது, அச்சுப் பொத்தானை அழுத்தினால் மட்டும் அனுப்புவது, கணினி கேட்டால் மட்டும் பதில் சொல்வது. பொத்தான் முறையில் விட்டுவிட்டு நாள் முழுக்கக் காத்திருப்பவர்கள் உண்டு. கேட்டால் சொல்லும் முறையில் கட்டளையின் முடிவும் முக்கியம். 81 மட்டும் போனால் தராசு மீதி வரும் என்று காத்துக்கொண்டிருக்கும். 13, 10 சேர்ந்து போனால்தான் கட்டளை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். சில மென்பொருளில் எண்டர் தட்டினால் 13 மட்டுமே போகும் என்பதையும் மனதில் வையுங்கள். மெட்லர் டொலிடோ வகைத் தராசுகளில் 83, 73, 13, 10 என்றால் உடனடி எடை. 83, 13, 10 என்றால் தராசு நிலைத்த பிறகே பதில். பதிலாக 69, 83 வந்தால் தராசு உயிரோடுதான் இருக்கிறது, கட்டளைதான் அதற்குப் புரியவில்லை. அது நல்ல செய்தி: கேபிளும் தரவு ஓடும் வேகமும் சரி என்று அந்த இரண்டு பைட்டும் சொல்லிவிட்டன.

அமைப்பை மாற்றும்போது ஒரு கவனம். அளவுத்திருத்த ஆளியின்மேல் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருந்தால் அதை உடைக்க வேண்டாம். தொடர்பு அமைப்புகள் பொதுவாக முன்பக்கப் பொத்தான்களின் மெனுவிலேயே கிடைக்கும். முத்திரை உடைந்த தராசில் நெல் நிறுப்பது சட்டப்படியும் தப்பு, வயல்காரருக்குச் செய்யும் நியாயமும் அல்ல.

ஏதோ வருகிறது, வாசிக்க முடியவில்லை

இரண்டு காரணம்தான்: வேகம் பிழை, அல்லது பிட் அமைப்பு பிழை. இரண்டையும் எண்களைப் பார்த்தே பிரிக்கலாம்.

வேகம் பிழை என்றால் எல்லாமே குப்பை. எந்த இலக்கமும் தெரியாது, எடையை மாற்றினாலும் ஒழுங்கு பிடிபடாது. செக்கனுக்கு 9600, 2400, 4800, 1200, 19200 பிட் என்ற வரிசையில் முயலுங்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமான பைட்டுகள் வந்தால் பெரும்பாலும் கணினியில் வைத்த வேகம் அதிகம். குறைவாக வந்தால் கணினியில் வைத்த வேகம் குறைவு.

பிட் அமைப்புப் பிழை வேறு மாதிரி. வேகம் சரிதான், பாதி இலக்கம் சரியாக வரும், பாதி கெட்டுப்போய் வரும். 7 பிட், இரட்டைச் சமநிலை என்று தராசு அனுப்புவதைக் கணினி 8 பிட், சமநிலை இல்லை என்று வாசித்தால் 0, 3, 5, 6, 9 ஆகிய ஐந்தும் ஒழுங்காகத் தெரியும். 1, 2, 4, 7, 8 ஆகிய ஐந்தும் 177, 178, 180, 183, 184 ஆகிவிடும். காரணம் இதுதான். இலக்கம் 1இன் பைட் 49. அதை இரும எண்ணில் எழுதினால் மூன்று ஒன்றுகள். ஒன்றுகளின் எண்ணிக்கையை இரட்டையாக்கத் தராசு எட்டாவது பிட்டில் இன்னொரு ஒன்றைப் போடுகிறது. அதன் பெறுமதி 128. 49ஐயும் 128ஐயும் கூட்டினால் 177. இலக்கம் 3இன் பைட் 51. அதில் ஏற்கெனவே நான்கு ஒன்றுகள், ஆகவே மாற்றமில்லை.

இதில் ஒளிந்திருக்கும் இன்னொரு தொல்லை: வரி முடிவைக் காட்டும் 13ஆம் பைட்டிலும் மூன்று ஒன்றுகள்தான், அதுவும் 141 ஆகிவிடும். 13 வரும்வரை காத்திருக்கும்படி எழுதப்பட்ட மென்பொருள் அதைக் காணாமல் அப்படியே உறைந்து நிற்கும். 'மென்பொருள் தொங்குகிறது' என்று முறைப்பாடு வந்தால் இதையும் பாருங்கள். ஏழு பிட், இரட்டைச் சமநிலை, ஒரு நிறுத்தப் பிட் என்று மாற்றினால் இலக்கம், வரி முடிவு இரண்டும் ஒன்றாகச் சரியாகிவிடும்.

எடை வருகிறது, ஆனால் பிழையான எடை

எல்லாப் பிழையிலும் இதுதான் மோசமானது. மற்றவை வேலையை நிறுத்தும். இது வேலையை ஓடவிட்டுக் காசைத் தின்னும்.

முன் மூட்டையின் எடை பின் மூட்டைக்கு விழுந்தால், தராசு இடைவிடாமல் அனுப்பும் முறையில் இருக்கிறது, மென்பொருள் மெதுவாக வாசிக்கிறது. தராசு செக்கனுக்கு 10 வரி அனுப்ப, மென்பொருள் செக்கனுக்கு ஒரு வரி எடுத்தால் மீதி ஒன்பதும் விண்டோஸின் வரவுத் தாங்கியில் (வந்த பைட்டுகள் வாசிக்கப்படும்வரை தங்கும் நினைவிடத்தில்) வரிசையில் நிற்கும். 10 செக்கன் போனபின் திரையில் தெரிவது 9 செக்கனுக்கு முந்திய எடை. ஒரு நிமிடத்தில் 54 செக்கன் பிந்திவிடும். அதற்குள் வயல் உடைமையாளரான போடியாரின் மூட்டை இறங்கி அடுத்தவரின் மூட்டை ஏறியிருக்கும். மைக்ரோசொப்டின் டாட்நெட்டில் எழுதிய மென்பொருளில் அந்தத் தாங்கியின் வழக்கமான அளவு 4096 பைட். ஒரு வரி 17 பைட் என்றால் 240 வரிகள் நிரம்பியதும் புதிதாக வருபவை கொட்டுப்படும், வரிகள் நடுவில் வெட்டுப்படும். தீர்வு: 'எடையைப் பதி' பொத்தானை அழுத்தியதும் முதலில் தாங்கியைத் துப்புரவாகக் காலி செய்து, அதன்பின் வரும் முழு வரியை எடுப்பது. இதைவிட நல்லது தராசைக் கேட்டால் சொல்லும் முறைக்கு மாற்றுவது. அப்போது பழைய எடை என்ற பேச்சே இருக்காது.

தாங்கியைக் காலி செய்பவர்கள் அடுத்த குழியில் விழுவதும் உண்டு. காலி செய்த கணத்தில் தராசு ஒரு வரியின் நடுவில் இருக்கலாம். '68.40' என்ற எடையின் வால் '8.40' மட்டும் முதல் வரியாக வந்து சேரும். அது ஒழுங்கான எண்தான். மென்பொருள் மறுபேச்சில்லாமல் பதிந்துவிடும். 60 கிலோ காணாமல் போகும். கிலோ 100 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு மூட்டையில் 6,000 ரூபாய். ஆகவே காலி செய்தபின் முதல் 10ஆம் பைட் வரும்வரை எல்லாவற்றையும் வீசிவிட்டு, அடுத்த வரியிலிருந்து எடுங்கள். அந்த வரியின் நீளத்தையும் சரிபாருங்கள். பரவலாக உள்ள ஒரு வடிவத்தில் வரிக்கு 15 எழுத்தும் முடிவில் 13, 10உம் வரும். 14 எழுத்து வந்தால் அந்த வரியை நம்பக் கூடாது. சில இண்டிகேட்டர்கள் 2ஆம் பைட்டில் தொடங்கி 3ஆம் பைட்டில் முடித்து, நடுவே ஒரு சரிபார்ப்பு எண்ணும் தரும். தந்தால் கட்டாயம் கணித்துப் பாருங்கள்; அது சும்மா அனுப்பப்படுவதல்ல.

அடுத்தது தளும்பும் எடை. மூட்டையைப் போட்டதும் எண் மேலே போய்க் கீழே வந்துதான் நிற்கும். அந்த வடிவத்தில் வரியின் தொடக்கம் 83, 84 என்றால் எடை நிலைத்துவிட்டது. 85, 83 என்றால் இன்னும் ஆடுகிறது. 79, 76 என்றால் தராசின் கொள்ளளவு தாண்டிவிட்டது. முதலாவது வந்தால் மட்டும் பதியுங்கள். ஒரே மூட்டை இரண்டு முறை பதிவாகாமல் இருக்க, எடை ஒரு கிலோவுக்குக் கீழே இறங்கிய பின்பே அடுத்த பதிவை அனுமதிக்கும்படி மென்பொருளில் வையுங்கள். நிலைத்த வரி வரவே வராமல் காலம் கடந்தால் மென்பொருளைத் திட்ட வேண்டாம். குற்றும் இயந்திரத்தின் அதிர்வு சீமெந்துத் தரை வழியாகத் தராசுக்கு ஏறுகிறது. தராசைத் தள்ளி வையுங்கள், அல்லது இண்டிகேட்டரின் வடிகட்டல் அளவை ஒரு படி கூட்டுங்கள்.

சமன் குறியோடு தொடங்கி '=02.0500' போல ஒன்று வந்து, தராசில் 50.20 என்று இருந்தால் கேபிளில் பழுதில்லை. சில இண்டிகேட்டர்கள் கடைசி இலக்கத்தை முதலில் அனுப்பும். திருப்பி வாசித்தால் 0050.20.

மோட்டர் போட்டதும் குழம்புகிறது

கரண்ட் இல்லாத நேரம் ஜெனரேட்டர் இல்லாமல் மடிக்கணினியில் நன்றாக வருகிறது, மோட்டர் தொடங்கியதும் இடையிடையே குப்பை என்றால், தரவுக் கேபிள் மூன்று கட்ட வயரோடு சேர்ந்து ஓடுகிறது. குறைந்தது 30 சென்ரிமீற்றர் விலக்குங்கள். உறையிட்ட கேபிள் பாவித்து, உறையைக் கணினிப் பக்கம் மட்டும் ஏர்த்தில் இணையுங்கள். ஆர்எஸ்-232ஐ 15 மீற்றருக்கு மேல் இழுக்க வேண்டாம். நிறுவைப் பாலம் வாசலிலும் அலுவலகம் உள்ளேயும் இருந்தால் ஆர்எஸ்-485 மாற்றிகளைப் போடுங்கள். அது 1200 மீற்றர் வரை தாங்கும்.

மடிக்கணினியின் இரும்பு விளிம்பைத் தொடும்போது விறுவிறுக்கிறதென்றால் ஏர்த் இல்லை. அந்தக் கசிவு மின்சாரம் 5ஆம் ஊசி வழியாகத் தராசுக்குள் போகும். ஐப்பசி, கார்த்திகை இடிமழை நாட்களில் சீரியல் சிப்புகள் கூட்டமாக எரிவதற்குக் காரணமும் இந்த வழிதான். மின்னல் கம்பத்தில் விழ வேண்டியதில்லை. தராசின் நிலத்துக்கும் கணினியின் நிலத்துக்கும் நடுவே வரும் மின்னழுத்த வேறுபாடே போதும். மழை இருட்டினால் சுவரின் பிளக்கை மட்டுமல்ல, தரவுக் கேபிளையும் கழற்றுங்கள். ஒளிவழிப் பிரிப்பான் உள்ள மாற்றி போட்டால் இன்னும் நிம்மதி.

கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று கடலை ஒட்டிய கடைகளில் உப்புக் காற்று ஊசிகளில் பச்சை பூக்க வைக்கும். பிளக்கை அசைத்தால் வருகிறது, விட்டால் போகிறது என்பதே அதன் அடையாளம். ஐசோபுரொப்பைல் மதுசாரமும் பழைய பல் துலக்கியும் போதும்.

பிரின்டர் பேசாமல் இருக்கிறது

அதனிடமே கேளுங்கள். தாள் தள்ளும் பொத்தானைப் பிடித்தபடி கரண்ட் போட்டால் பிரின்டர் தன் அமைப்புகளை அச்சடிக்கும்: வேகம், எழுத்துப் பக்கம் (எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை), பதிப்பு எல்லாம் அதில் இருக்கும். தாள் வெள்ளையாகவே வந்தால் றோலைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். நகத்தால் கீறிப் பாருங்கள். கறுக்கும் பக்கம் தலையை நோக்கி இருக்க வேண்டும்.

சுயசோதனை சரி, மென்பொருளிலிருந்து மட்டும் வரவில்லை என்றால் 16, 4, 2 அனுப்புங்கள். எப்சன் கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றும் பிரின்டர் ஒரு பைட் பதில் தரும். 18 என்றால் எல்லாம் சரி. 22 என்றால் மூடி திறந்திருக்கிறது. 50 என்றால் தாள் முடிந்து நிற்கிறது. 18க்கு மேல் 64 கூடி 82 வந்தால் ஏதோ பிழை. என்ன பிழை என்று அறிய 16, 4, 3 அனுப்புங்கள். அதற்கு 26 வந்தால் வெட்டும் கத்தி சிக்கிவிட்டது. 82 வந்தால் பெரும்பாலும் அச்சுத் தலை சூடேறிவிட்டது; ஆறியதும் தானாக எழும்பும். 16, 4, 4க்கு 30 வந்தால் றோல் முடியப்போகிறது. கடை நிறைய ஆள் நிற்கும்போது தாள் முடியாமல் இருக்க, ஒவ்வொரு பில்லுக்கும் முன் இதைக் கேட்கும்படி மென்பொருளில் சேர்ப்பது நல்லது. விலை குறைந்த பிரின்டர்கள் சிலவற்றில் இந்தக் கேள்விகளுக்கு யூஎஸ்பி வழியில் பதிலே வராது. பதில் இல்லாததைப் பழுது என்று எடுக்காதீர்கள்.

பில்லின் தலையில் தனியாக ஒரு '@' விழுந்தால், 27, 64 என்ற கட்டளையில் 27ஐ வழியில் டிரைவர் விழுங்கிவிட்டது, 64 எழுத்தாக அச்சாகிவிட்டது. மென்பொருள் கட்டளைகளை அச்சிடும் உரையாக அல்ல, டிரைவரைத் தாண்டி மூலப் பைட்டாக அனுப்ப வேண்டும்.

தமிழ்ப் பில் கிரேக்கமாக வருகிறது

காத்தான்குடிக் கடைத்தெருவிலும் மருதமுனைச் சாரக் கடையிலும் தமிழில் பில் வேண்டும் என்று கேட்பது நியாயமான ஆசை. ஆனால் மென்பொருளில் தமிழ் தெரிகிறது, தாளில் கிரேக்க ஆல்பாவும் இரட்டைக் கோணக் குறியும் மாறி மாறி வருகின்றன. இதன் காரணம் துல்லியமானது. எழுத்துகளைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. பிரின்டரின் வழக்கமான எழுத்துப் பக்கமான 437இல் 224 ஆல்பா, 174உம் 175உம் இரட்டைக் கோணக் குறிகள். 'மட்டக்களப்பு' என்பது கண்ணுக்கு 8 எழுத்து, யூனிகோடில் புள்ளியும் உகரக் கொம்பும் தனித்தனிக் குறியாக 12, பைட்டில் 36. 58 மில்லிமீற்றர் தாளில் ஒரு வரிக்கு 32 எழுத்துத்தான். ஆகவே ஊரின் பெயர் மட்டுமே ஒரு வரியைத் தாண்டிவிடும்.

சீன எழுத்துகள் வந்தால் பிரின்டர் சீன முறையில் இருக்கிறது. 28, 46 அனுப்பினால் அது அணையும். அணைந்த பிறகு ஆல்பா வரும், தமிழ் வராது. எழுத்துப் பக்கத்தை மாற்றும் 27, 116 கட்டளையை ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்ப்பதும் பொதுவாக வீண். பிரின்டருக்குள் தமிழ் எழுத்து இருந்தாலும், 'கொ' என்பதைக் கொம்பு, க, கால் என்று பிரித்து வைக்கும் அறிவு அதற்கு இல்லை.

வேலை செய்யும் வழி ஒன்றே: தமிழ் வரியைக் கணினியில் படமாக வரைந்து அனுப்புவது. 80 மில்லிமீற்றர் தாளில் அச்சாகும் அகலம் 72 மில்லிமீற்றர், மில்லிமீற்றருக்கு 8 புள்ளி, மொத்தம் 576 புள்ளி. எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட் என்பதால் வரிசைக்கு 72 பைட். 58 மில்லிமீற்றர் தாளுக்கு 384 புள்ளி, 48 பைட். கட்டளை 29, 118, 48, 0 என்று தொடங்கும். பிறகு அகலம் இரண்டு பைட்டில், உயரம் இரண்டு பைட்டில், கீழ்ப் பைட் முதலில். 800 வரிசை உயரப் படம் என்றால் 29, 118, 48, 0, 72, 0, 32, 3. உயரத்தைக் கணக்கிடுவது இப்படி: 3 பெருக்கல் 256, கூட்டல் 32.

அகலத்தைப் பைட்டில் சொல்லாமல் புள்ளியில் சொல்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. படம் ஒரு பக்கம் சரிந்து விழுந்தால் அகலம் ஒரு பைட் பிசகியிருக்கிறது. படத்துக்குப் பிறகு குப்பை எழுத்து மீற்றர் கணக்கில் ஓடினால் உயரத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டீர்கள். மீதிப் படத்தைப் பிரின்டர் எழுத்தாக வாசிக்கிறது. கூட்டிச் சொன்னால் பிரின்டர் மௌனமாகக் காத்திருந்து அடுத்த வாடிக்கையாளரின் பில்லைப் படமாக விழுங்கும்.

பில் வருகிறது, ஆனால் ஊர்ந்து வருகிறதென்றால் கணக்குப் பாருங்கள். அந்த 800 வரிசைப் படம் தாளில் 10 சென்ரிமீற்றர்; பைட்டில் 57,600. சீரியல் 9600 வேகத்தில் செக்கனுக்கு 960 பைட்தான் போகும். ஆகவே ஒரு பில்லுக்கு முழுதாக 60 செக்கன். 115200க்கு மாற்றினால் 5 செக்கன். யூஎஸ்பி என்றால் இந்தக் கவலையே இல்லை. வேகத்தை மாற்ற முடியாத பழைய பிரின்டரில் பொருட்பெயரை மட்டும் படமாகவும், அளவு, விலை, கூட்டுத்தொகை ஆகியவற்றைச் சாதாரண இலக்கங்களாகவும் அனுப்புங்கள். கடைப் பெயரைப் பிரின்டரின் நிலையான நினைவகத்தில் ஒருமுறை ஏற்றி வைத்தால் அதையும் ஒவ்வொரு முறை அனுப்பத் தேவையில்லை.

படமாக வரைந்தும் 'கெ', 'கே' எழுத்துகளில் கொம்பு வலப்பக்கம் போய் நின்றால், வரையும் நூலகம் எழுத்துகளைக் கோக்கவில்லை. பைதன் மொழியின் பட நூலகமான பில்லோவில், எழுத்துகளைக் கோக்கும் ராக்ம் நூலகம் இணைந்திருந்தால்தான் தமிழ் ஒழுங்காக அமையும். கோடு உடைந்து, புள்ளி காணாமல் போனால் விளிம்பு மழுப்பலை நிறுத்தி, தடித்த எழுத்துருவில் 26 புள்ளி அளவுக்கு ஏற்றுங்கள். தமிழில் ஒரு புள்ளி காணாமல் போனால் 'பட்டு' 'படடு' ஆகிவிடும். ஆங்கிலப் பில்லில் இந்தத் தொல்லை இல்லை.

படம் அச்சாகும்போது மட்டும் பிரின்டர் அணைந்து மீண்டும் எழும்பினால் அடப்டர் பலவீனம். கறுப்புப் பரப்பு கூடும்போது தலை இழுக்கும் மின்னோட்டமும் கூடும். பிரின்டரின் அடியில் எழுதியுள்ள வோல்ற், அம்பியர் இரண்டும் அடப்டரோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

காசுப் பெட்டி திறக்கவில்லை

பெட்டியைத் திறப்பது கணினி அல்ல, பிரின்டர். கட்டளை 27, 112, 0, 25, 250. 25 என்பது 50 மில்லிசெக்கன் மின் துடிப்பு. ஒவ்வோர் அலகும் 2 மில்லிசெக்கன். 'டிக்' என்று ஒலித்தும் திறக்காவிட்டால் 25ஐ 50, 100 என்று கூட்டுங்கள். ஒலியே இல்லை என்றால் மூன்றாவது எண்ணை 0இலிருந்து 1 ஆக்குங்கள். பெட்டி மற்ற ஊசியில் கொளுவப்பட்டிருக்கலாம். பிரின்டர் 12 வோல்ற், பெட்டியின் சுருள் 24 வோல்ற் என்றால் எவ்வளவு கூட்டினாலும் இழுக்காது. பிளக் தொலைபேசிப் பிளக் போலவே இருந்தாலும் தொலைபேசி வயரை அதில் ஒருபோதும் செருகக் கூடாது.

பெட்டி திறந்து, அடுத்த பில்லின் தலையில் இரட்டைச் செங்குத்துக் கோடு ஒன்று அச்சானால் மென்பொருள் கட்டளையை யூடிஎஃப்-8 உரையாக அனுப்புகிறது. 127க்கு மேற்பட்ட 250 என்ற எண் அங்கே 195, 186 என்று இரண்டாகப் பிளக்கிறது. 195ஐக் கட்டளை எடுத்துக்கொள்ள, மிஞ்சிய 186 தாளில் அந்தக் கோடாக விழுகிறது. கட்டளைகளை உரையாக இணைக்காமல் பைட் வரிசையாகவே அனுப்பும்படி மென்பொருள்காரரிடம் சொல்லுங்கள். இந்த இரண்டு எண்களையும் அவரிடம் காட்டினால் ஒரு வரியில் திருத்திவிடுவார்.

நேற்று வேலை செய்தது, இன்று இல்லை

யூஎஸ்பியை வேறு துளையில் செருகினால் காம் இலக்கம் மாறிவிடலாம். துளைக்கு ஒரு நிறப் பட்டி ஒட்டிவிடுங்கள், அல்லது சாதன மேலாளரில் இலக்கத்தைப் பழையபடி மாற்றுங்கள். இலக்கம் 9க்கு மேல் போனால் சில பழைய மென்பொருள் திறக்காது, 9க்குள் கொண்டுவாருங்கள். காலையில் வேலை செய்து, மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்ததும் காணாமல் போனால், மின்சேமிப்புக்காக விண்டோஸ் யூஎஸ்பியை உறங்க வைத்துவிட்டது. யூஎஸ்பி ஹப்பின் பண்புகளில் மின் மேலாண்மையின் சரிக்குறியை எடுத்துவிடுங்கள்.

லினக்ஸில் போர்ட் தெரிந்தும் திறக்காவிட்டால் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். உபுண்டு 22.04இல் சிஎச்340 மாற்றி செருகியதும் மறைந்துபோனால் பார்வையற்றோருக்கான பிரெய்ல் சேவை அதைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்கிறது. பிரெய்ல் கருவி பாவிக்காத கணினியில் அந்தச் சேவையை அகற்றலாம்.

வலையமைப்பில் உள்ள பிரின்டர் ரவுட்டர் அணைந்து எழும்பிய பின் வேலை செய்யாவிட்டால் அதன் ஐபி முகவரி மாறிவிட்டது. ரவுட்டரில் அந்தப் பிரின்டருக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள். முகவரி சரியாக இருந்தும் சில நேரம் மட்டும் இணைய மறுத்தால், வேறொரு கணினி 9100ஆம் போர்ட்டைத் திறந்து மூடாமல் வைத்திருக்கிறது. பல பிரின்டர்கள் ஒரு நேரத்தில் ஓர் இணைப்பைத்தான் ஏற்கும். ஒவ்வொரு பில் முடிந்ததும் இணைப்பை மூடும்படி இரண்டு கணினியிலும் மாற்றுங்கள்.